மலை பிரித்தது, கடல் சேர்த்தது

பண்டைய கிரேக்க நகரங்கள் உருவான விதம்

யூனானி மருத்துவம் என்னும் பெயரை அறியாத இல்லம் நம்மிடையே அரிது. ஆனால் 'யூனான்' என்னும் அச்சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. இன்றைய துருக்கி நாட்டின் மேற்குக் கரையில், ஏஜியன் கடலை ஒட்டிக் கிடக்கும் குறுகிய நிலப்பகுதிக்கு அயோனியா என்பது பழம்பெயர். அங்கே குடியேறி வாழ்ந்த கிரேக்கர்களைப் பாரசீகர்கள் 'யவுனா' என்று அழைத்தனர். அதுவே அரபு மொழியில் 'யூனான்' ஆயிற்று. வடமொழியில் 'யவனர்' ஆயிற்று. நம் சங்கப் புலவர்கள் பாடிய யவனர் என்னும் பெயரும் இவ்வழி வந்ததே. ஒரு சிறு கடற்கரையின் பெயர், ஓர் இனத்தார் அனைவருக்கும் உரிய பெயராகக் கீழ்த்திசை எங்கும் பரவிவிட்டது.

இதில் வியப்பில்லை. கிரேக்கர்களின் வரலாறே கரைகளின் வரலாறுதான். மண்ணும் மலையும் கடலும் அவர்களுடைய ஊர்களை எவ்வாறு வகுத்தன, அவற்றை மீறி மனிதர்கள் எங்கே தம் விருப்பப்படி முடிவெடுத்தனர், எங்கே எடுக்கத் தவறினர் என்பதை அறிய வேண்டுமானால், வாசகர்கள் ஒரு வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு எம்முடன் வருதல் நலம்.

துண்டு துண்டான நிலம்

நைல் நதி எகிப்தை ஒன்றாக்கிற்று. ஒரே நதி, ஒரே வெள்ளம், ஒரே அரசன் என்று அந்நாடு நெடுங்காலம் வாழ்ந்தது. கிரேக்க நாட்டிற்கு அத்தகைய நதி வாய்க்கவில்லை. நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மலையும் குன்றுமே ஆகும். வடக்கே ஒலிம்பஸ் சிகரம் 2,900 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. பிந்தஸ் மலைத்தொடர் நாட்டின் முதுகெலும்பாக வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்குகிறது. அதிலிருந்து பிரியும் கிளை மலைகள் கடலுக்குள் இறங்கி முனைகளாகின்றன. முழுகிய மலைகளின் உச்சிகளே தீவுகளாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இம்மலைகளுக்கு இடையே கிண்ணம் போன்ற சிறு சமவெளிகள் உண்டு. ஒவ்வொரு கிண்ணத்திலும் சிறிது வயல், ஒரு நீரூற்று, பகைவர் வந்தால் ஏறி ஒளிந்துகொள்ள ஒரு குன்று ஆகியவை இருந்தன. அதுவே ஒரு நாட்டிற்குப் போதுமானதாயிற்று. மலைக்கு அப்பால் இருந்தவன் ஒரே மொழி பேசினாலும் அயலானே ஆனான். இவ்வாறு தனித்தனியே சட்டமும் நாணயமும் படையும் கொண்டு விளங்கிய ஊர்களையே 'போலிஸ்' என்றனர். நாம் நகர அரசு என்கிறோம். 2004ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் அறிஞர்கள் வெளியிட்ட பெருந்தொகுப்பில் இத்தகைய 1,035 நகர அரசுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஏதென்ஸ் நகருக்குத் தென்கிழக்கே உள்ள கியோஸ் என்னும் தீவின் பரப்பு சுமார் 130 சதுர கிலோமீட்டர்தான். அச்சிறு தீவிற்குள்ளேயே நான்கு தனி அரசுகள் இயங்கின!

இத்தகைய சிறுமையைக் கிரேக்க அறிஞர்கள் குறையாகக் கருதவில்லை. குடிமக்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கக்கூடிய அளவில்தான் நகரம் இருக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. எவன் நேர்மையானவன் என்று தெரியாமல் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பது அவருடைய வினா.

மழையும் காற்றும்

மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களைப் பிந்தஸ் மலை தடுத்துவிடுகிறது. ஆகவே மேற்குக் கரையில் உள்ள கார்ஃபு தீவில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிய, கிழக்கே உள்ள ஏதென்ஸ் நகருக்குச் சுமார் 400 மில்லிமீட்டரே கிட்டுகிறது. அதுவும் குளிர்காலத்தில்தான். கோடையில் வானம் வறண்டுவிடும். கோதுமை பல ஆண்டுகளில் பொய்த்தது; வாற்கோதுமை ஓரளவு தாக்குப்பிடித்தது. பாறைச் சரிவுகளில் வேரோடிக் கோடையைத் தாங்கும் ஆலிவ் மரமும் திராட்சைக் கொடியும் அந்நிலத்திற்கு இசைந்தன. ஆலிவ் எண்ணெய் உணவாயிற்று, விளக்கெரித்தது, உடம்பில் பூசவும் பயன்பட்டது. கி.மு. 594இல் ஏதென்ஸின் ஆட்சிப் பொறுப்பேற்ற சோலன், விளைபொருட்களில் எண்ணெய் ஒன்றைத் தவிர வேறெதையும் வெளிநாட்டிற்கு அனுப்பலாகாது என்று விதித்ததாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் கூறுகிறார். வயிற்றுக்கு வேண்டிய தானியம் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதே அதன் கருத்து.

நிலம் தராததைக் கடல் தந்தது. ஏஜியன் கடலில் ஒரு தீவு கண்ணிலிருந்து மறையுமுன் அடுத்த தீவு தென்பட்டுவிடும். திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில் இதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறென்ன வேண்டும்? கோடையில் வடக்கிலிருந்து இடைவிடாமல் ஒரு காற்று வீசும். கருங்கடலிலிருந்து தானியம் ஏற்றிய கப்பல்கள் அக்காற்றைப் பாய்களில் பிடித்துத் தெற்கே வந்தன. குளிர்காலத்தில் புயலுக்கு அஞ்சிக் கடற்பயணம் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே உழவனுக்கு மட்டுமன்றி மாலுமிக்கும் பருவம் இருந்தது. கழுதைமேல் ஏற்றி மலைவழியே கொண்டுசெல்லும் பாரம், கப்பலில் ஏற்றிக் கடல்வழியே கொண்டுசெல்வதைவிடப் பன்மடங்கு செலவு பிடித்தது. பக்கத்து மலைக்கு அப்பால் உள்ள ஊரைவிடக் கடலுக்கு அப்பால் உள்ள ஊரே கிரேக்கனுக்கு நெருக்கமாயிற்று.

வீடும் தண்ணீரும்

நகரத்தின் நடுவே குன்று. அதன் அடிவாரத்தில் 'அகோரா' என்னும் சந்தைத் திடல். விலை பேசுவதும் வழக்குரைப்பதும் அரசியல் விவாதிப்பதும் அங்கேதான். வெயிலும் தெளிந்த வானமும் நிறைந்த நாடாதலின், ஆண்களின் வாழ்வு பெரும்பாலும் வெளியிலேயே கழிந்தது. வீடுகளோ எளியவை. வடகிரேக்கத்தில் கி.மு. 348இல் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பினால் அழிக்கப்பட்ட ஒலிந்தஸ் என்னும் நகரை 1928 முதல் அகழ்ந்தெடுத்தனர். அங்கே வீடுகள் கல் அடித்தளத்தின் மீது பச்சைச் செங்கல் சுவர்களுடன் எழுப்பப்பட்டிருந்தன. நடுவே முற்றம், முற்றத்திற்கு வடபுறம் அறைகள், அவற்றின் முகப்பு தெற்கு நோக்கியது. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் சூரியன் அறைக்குள் நுழைந்து வெப்பம் தரும். கோடையில் உச்சியில் செல்லும் சூரியனைத் தாழ்வாரத்தின் கூரை மறைத்துவிடும். செலவில்லாமல் பெற்ற வசதி இது!

தண்ணீரே பெருங்கவலை. அந்தக் கவலை பெண்களின் தோளில் ஏறியது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் கட்டப்பட்ட நீரூற்று மண்டபங்களில், தலையில் குடத்துடன் பெண்கள் வரிசையாக நிற்கும் காட்சியை அக்காலத்து மண்குடங்களின் மீதே ஓவியமாகக் காணலாம். குடிமக்கள் சபையில் குரல் கொடுக்கப் பெண்களுக்கு உரிமை இல்லை. ஆயினும் நூல் நூற்று, ஆடை நெய்து, தானியம் அரைத்து அந்நகரங்களை நடத்தியவர்கள் அவர்களும் வீட்டு அடிமைகளுமே. அதே நூற்றாண்டில் சாமோஸ் தீவில் யூபாலினோஸ் என்னும் பொறியாளர் மலையின் இருபுறமிருந்தும் ஒரே சமயத்தில் குடைந்து, 1,036 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் அமைத்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அச்சுரங்கம் இன்றும் உள்ளது. இவ்விடத்தில் மலை மனிதனுக்கு வழிவிட்டது என்றே கூறலாம்.

ஏதென்ஸ்: கடலை நம்பிய நகரம்

ஏதென்ஸ் நகருக்குரிய அட்டிக்கா மாநிலம் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதனுள்ளும் மலைகள் குறுக்கிட்டன. ஆறாம் நூற்றாண்டில் சமவெளியார், கரையோரத்தார், மலைப்புறத்தார் என மூன்று கட்சிகள் தோன்றி ஒன்றையொன்று பகைத்தன. நிலத்தின் பிரிவே மனத்தின் பிரிவாயிற்று. கி.மு. 508இல் கிளீஸ்தினிஸ் என்பவர் இதற்கொரு மருந்து கண்டார். மக்களைப் புதிதாகப் பத்துக் குழுக்களாக வகுத்து, ஒவ்வொரு குழுவிலும் நகர்ப்புறம், கரையோரம், உள்நாடு ஆகிய மூன்று பகுதிகளிலிருந்தும் மக்கள் இடம்பெறுமாறு செய்தார். மலையவனும் மீனவனும் நகரத்தானும் ஒரே அணியில் நின்று போர்புரியவும் ஒரே அவையில் அமர்ந்து பேசவும் நேர்ந்தது. மண் வகுத்த வேலியை மதியால் தாண்டிய செயல் இது. ஏதென்ஸின் மக்களாட்சி இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது.

கி.மு. 483இல் அட்டிக்காவின் தென்முனையில் லாரியம் சுரங்கத்தில் வெள்ளிப் படிவம் மிகுதியாகக் கிடைத்தது. அச்செல்வத்தைக் குடிமக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என்று பலர் கூற, தெமிஸ்டோக்ளிஸ் அதனைப் போர்க்கப்பல்கள் கட்டச் செலவிடுமாறு இணங்கச் செய்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் பாரசீகப் பெரும்படை வந்தபோது, சலாமிஸ் தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட குறுகிய நீர்ப்பரப்பில் அக்கப்பல்களே கிரேக்கர்களைக் காத்தன. விரிந்த கடலில் பயன்பட்டிருக்கக்கூடிய பாரசீகரின் எண்ணிக்கை, அவ்விடுக்கில் அவர்களுக்கே சுமையாயிற்று. ஆனால் அந்த வெள்ளியை இருண்ட சுரங்கங்களில் தோண்டியவர்கள் ஆயிரக்கணக்கான அடிமைகள் என்பதை மறத்தல் ஆகாது.

நகரிலிருந்து பிரேயஸ் துறைமுகம் வரை சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவிற்கு நெடுஞ்சுவர்களை எழுப்பி, உள்நாட்டு நகரை ஒரு தீவு போல் ஆக்கிக்கொண்டனர் ஏதென்ஸ் மக்கள். வயல்களைப் பகைவன் அழித்தாலும் கடல்வழி உணவு வரும் என்பது அவர்களுடைய துணிவு. கி.மு. 431இல் ஸ்பார்ட்டாவுடன் போர் மூண்டபோது கிராமத்தார் அனைவரும் சுவர்களுக்குள் வந்து நெருங்கினர். அடுத்த ஆண்டே கொள்ளை நோய் பரவி மக்களை வாரிக்கொண்டு போயிற்று. தலைவர் பெரிக்ளிஸும் கி.மு. 429இல் மாண்டார். இறுதியில், கி.மு. 405இல் கருங்கடலுக்குச் செல்லும் ஜலசந்தியின் கரையில், ஈகோஸ்பொட்டாமி என்னுமிடத்தில் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் ஏதென்ஸின் கப்பல்களைக் கைப்பற்றினார். தானியப் பாதை அடைபட்டது. பசி வாயிலைத் திறந்தது. அடுத்த ஆண்டு ஏதென்ஸ் பணிந்தது, நெடுஞ்சுவர்கள் இடிக்கப்பட்டன.

ஸ்பார்ட்டா: மலையை நம்பிய நகரம்

ஏதென்ஸுக்கு நேர்மாறானது ஸ்பார்ட்டா. யூரோட்டாஸ் ஆற்றின் வளமான பள்ளத்தாக்கில், 2,400 மீட்டர் உயர்ந்த தைகெட்டஸ் மலையின் நிழலில் அது அமைந்தது. துறைமுகமோ தெற்கே 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. சுற்றிலும் மலைகளே அரணாக நின்றதால் நெடுங்காலம் அந்நகருக்குச் சுவர் எழுப்பப்படவில்லை.

நிலம் போதாமல் பிற நகரங்கள் கடல் கடந்தபோது, ஸ்பார்ட்டா பெரும்பாலும் மலை கடந்தது. தைகெட்டஸுக்கு அப்பால் உள்ள மெஸ்ஸீனியாவின் செழிப்பான சமவெளியைக் கைப்பற்றி, அங்கிருந்த கிரேக்கர்களையே 'ஹெலட்டுகள்' என்னும் பண்ணை அடிமைகளாக்கிற்று. எட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் அதற்கு உரியதாயிற்று. அந்நாள்முதல் அச்சமும் உடன் குடிபுகுந்தது. தம்மினும் பன்மடங்கு மிகுந்த அடிமைகளை அடக்கி வைப்பதற்காக, ஏழு வயதிலேயே ஆண் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துப் போர்ப்பயிற்சிக்கு அனுப்பினர். கி.மு. 464 அளவில் நிலநடுக்கம் ஊரைத் தகர்த்தபோது, அடிமைகள் உடனே கிளர்ந்தெழுந்தனர். கி.மு. 371இல் லியூக்ட்ரா போர்க்களத்தில் தீப்ஸ் நகரிடம் ஸ்பார்ட்டா தோற்றது. இரண்டாண்டுகளில் மெஸ்ஸீனியர் விடுதலை பெற்றுத் தமக்கென ஒரு தலைநகரை எழுப்பிக்கொண்டனர். பாரசீகப் போர்க் காலத்தில் எண்ணாயிரம் ஆண் குடிமக்களைக் கொண்டிருந்த ஸ்பார்ட்டாவில், தம் காலத்தில் ஆயிரம் பேர் கூட இல்லை என்று அரிஸ்டாட்டில் எழுதியுள்ளார். மலை பகைவரைத் தடுத்தது. உள்ளே விதைத்த அநீதியைத் தடுக்க அதனால் இயலவில்லை.

கொரிந்து: வாயிலில் அமர்ந்த நகரம்

கிரேக்கத்தின் வட பகுதியையும் பெலொப்பொனீஸ் என்னும் தென் பகுதியையும் இணைப்பது சுமார் ஆறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பூசந்தி. அவ்வாயிலருகே அமர்ந்தது கொரிந்து. மேற்குக் கடலுக்கு ஒரு துறைமுகம், கிழக்குக் கடலுக்கு ஒரு துறைமுகம், தலைக்கு மேலே 575 மீட்டர் உயர்ந்த கோட்டைக் குன்று. தெற்கு முனையைச் சுற்றிவரும் கடற்பாதை புயல்களுக்குப் பேர்போனது. ஆகவே கி.மு. 600 அளவில் பூசந்தியின் குறுக்கே கல் பாவிய ஒரு பாதை அமைத்து, சரக்குகளையும் சில வேளைகளில் கப்பல்களையுமே தரைமேல் இழுத்துக் கடத்தினர். கி.பி. 67இல் ரோமப் பேரரசன் நீரோ அங்கே கால்வாய் வெட்டத் தொடங்கினான், பணி நின்றுபோயிற்று. 1893இல்தான் அக்கால்வாய் திறக்கப்பட்டது. கி.மு. 146இல் ரோமானியர் கொரிந்து நகரை அழித்தனர். நூறாண்டுகளுக்குப் பின் அவர்களே அதனை மீண்டும் குடியேற்றினர். அத்தகைய இடத்தை வெறுமனே விட்டுவைக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும்!

கடல் கடந்தவர்கள்

வாய்கள் பெருகி வயல் போதாதபோது கிரேக்கர்கள் கப்பலேறினர். தேரா தீவில் ஏழாண்டுகள் மழை பொய்த்ததனால் அங்கிருந்து சென்றவர்கள் கி.மு. 630 அளவில் இன்றைய லிபியாவில் சைரீன் நகரை நிறுவினர் என்று ஹெரோடோட்டஸ் கூறுகிறார். பிரான்சின் மார்சேய் நகரும் கி.மு. 600 அளவில் அயோனியாவின் ஃபொகேயா நகரத்தார் நிறுவியதே.

இவற்றுள் நாம் நன்கறிந்த ஊர் ஒன்றுண்டு. மெகாரா நகரத்தார் கருங்கடல் வாயிலின் ஆசியக் கரையில் கால்செடான் என்னும் ஊரை அமைத்தனர். பதினேழு ஆண்டுகள் கழிந்தபின் எதிர்க்கரையில் பைசாந்தியம் நிறுவப்பட்டது. பின்னாளில் இதைக் கேள்வியுற்ற பாரசீகத் தளபதி ஒருவன், எதிரே அத்தகைய இடம் இருக்க இக்கரையில் குடியேறியவர்கள் குருடர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நகைத்தானாம். அவன் கூற்று பொய்க்கவில்லை. மூன்று புறம் நீர் சூழ்ந்த பைசாந்தியம் கி.பி. 330இல் கான்ஸ்டாண்டினோபிள் என்னும் தலைநகராயிற்று. 1453இல் சுல்தான் இரண்டாம் முஹம்மது அதனைக் கைப்பற்றியபோது, சங்கிலியால் அடைக்கப்பட்டிருந்த துறைமுகத்திற்குள் தம் கப்பல்களைத் தரைவழியே இழுத்துச் சென்று இறக்கினார். கொரிந்தில் வணிகத்திற்குப் பயன்பட்ட உத்தி, இங்கே போருக்குப் பயன்பட்டது. அந்நகரே இன்றைய இஸ்தான்புல். கால்செடானோ அதன் ஒரு பகுதியாகிய காடிகோய்.

ஒன்றுபடாத ஒரே மக்கள்

இத்தனை ஊர்களும் மொழியாலும் பழக்கவழக்கத்தாலும் ஒன்றே. நான்காண்டுக்கு ஒருமுறை ஒலிம்பியாவில் விளையாட்டு விழாவிற்குக் கூடினர். அதற்குச் செல்வோர் பாதுகாப்பாகச் சென்றுவர உடன்பாடும் செய்துகொண்டனர். டெல்ஃபி மலைச்சரிவில் குறி கேட்க எல்லா நாட்டாரும் வந்தனர். ஆயினும் விழா முடிந்ததும் மீண்டும் வேலெடுத்தனர். அயலான் படையெடுத்த வேளையில் சிலர் இணைந்தனர். அவன் அகன்றதும் பிரிந்தனர். கி.மு. 338இல் கைரோனியா என்னுமிடத்தில் மாசிடோனிய மன்னர் பிலிப்பு அவர்களை வென்றபோது தனியரசுகளின் பொற்காலம் முடிந்தது.

இதற்கு மலைகளையே குற்றம் சாட்டுவோர் உண்டு. ஆனால் அதே மலைகள் அங்கேயே நிற்க, மாசிடோனியரும் ரோமானியரும் உஸ்மானியரும் அந்நிலத்தை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவரவில்லையா? அட்டிக்காவின் மூன்று பிரிவினரைக் கிளீஸ்தினிஸ் ஒன்றிணைத்த போதும் மலைகள் இடம்பெயரவில்லை. ஆகவே பிரிவினைக்கு மலை வாய்ப்பளித்தது என்பது உண்மை. பிரிந்தே இருப்பதென முடிவு செய்தவர்கள் மனிதர்களே. தம் ஊரின் உரிமையைப் பிறிதோர் ஊருக்குப் பகிர்ந்தளிக்க அவர்களுக்கு மனம் இசையவில்லை.

மண்ணும் நிலைப்பதில்லை

மனிதனின் முடிவு ஒருபுறம் இருக்க, நிலமும் அப்படியே இருப்பதில்லை. கி.மு. 480இல் லியோனிடாஸ் பாரசீகரைத் தடுத்து நின்ற தெர்மோப்பிலே கணவாய், அன்று மலைக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஒடுங்கிய வழி. இன்று ஆற்று வண்டல் படிந்து கடல் சில கிலோமீட்டர் விலகிப்போக, அங்கே பரந்த சமவெளியே காணப்படுகிறது.

அயோனியாவின் முதன்மை நகரான மிலேட்டஸின் கதை இதனினும் உருக்கமானது. நான்கு துறைமுகங்களுடன் விளங்கிய ஊர் அது. தேலிஸ் என்னும் பேரறிஞர் பிறந்ததும், தெருக்களை நேர்கோட்டுக் கட்டங்களாக வகுக்கும் முறைக்குப் புகழ்பெற்று, பிரேயஸ் துறைமுக நகரைத் திட்டமிட்ட ஹிப்போடாமஸ் பிறந்ததும் அங்கேதான். அதன் அருகே பாய்ந்த மியாண்டர் ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிற்று. துறைமுகங்கள் தூர்ந்தன. கி.மு. 494இல் பெரும் கடற்போர் நிகழ்ந்த லாதே தீவு இன்று வயல்களுக்கு நடுவே ஒரு மேடாக நிற்கிறது. கடலால் வாழ்ந்த நகரைக் கடல் கைவிட்டது, மக்களும் கைவிட்டனர்.

அவ்வயோனியக் கரைக்குத் தெற்கே உள்ள கோஸ் தீவில் பிறந்தவர்தாம், யூனானி நூல்கள் 'புக்ராத்' என்று போற்றும் ஹிப்போக்ரட்டிஸ். அவர் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று காற்று, நீர், இடம் ஆகியவற்றைப் பற்றியதாகும். புதிய ஊருக்குள் நுழையும் மருத்துவன், அவ்வூர் எந்தத் திசைக் காற்றை எதிர்கொள்கிறது, எத்தகைய தண்ணீரைக் குடிக்கிறது, மக்கள் எவ்வாறு உழைக்கிறார்கள், எதை உண்கிறார்கள் என்பவற்றை ஆராய வேண்டும் என்பதே அதன் சாரம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய கூட்டத்தாரும் புக்ராத், ஜாலினூஸ் ஆகியோரின் நூல்களை அரபு மொழியில் பெயர்த்தனர். அவ்வறிவு அங்கிருந்து கீழ்த்திசை நோக்கிப் பயணம் செய்து இந்தியாவையும் வந்தடைந்தது.

மிலேட்டஸின் துறைமுகங்கள் தூர்ந்தன. ஏதென்ஸின் நெடுஞ்சுவர்கள் இடிந்தன. ஸ்பார்ட்டாவின் படை கலைந்தது. காற்றையும் நீரையும் மண்ணையும் கூர்ந்து நோக்கி அம்மக்கள் பெற்ற அறிவோ, மலைகளையும் கடல்களையும் கடந்து அயல் மொழிகளில் உயிர் வாழ்கிறது. ஓர் ஊரின் பெருமை அதன் இருப்பிடத்தில் தொடங்குகிறது என்பதில் ஐயமில்லை. அது நிலைப்பதோ, அங்கு வாழ்வோர் தமக்குள் எவ்வாறு நடந்துகொண்டனர், பிறருக்கு எதைக் கொடுத்தனர் என்பதைப் பொறுத்ததேயாகும்.